சிமெண்ட் ஆலை இன்டர்காமுக்கு எந்த இணைப்பு: தாமிரமா, ஃபைபரா, வயர்லெஸ்ஸா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஒரு சிமெண்ட் ஆலையில் இருபது ஆண்டு பழைய அனலாக் இன்டர்காம், பேஜிங் (ஒலிபெருக்கி அறிவிப்பு) அமைப்பை மாற்றப்போகிறார்கள். 46 ஹேண்ட்செட் நிலையங்கள், 70 ஹார்ன் ஒலிபெருக்கிகள். சுண்ணாம்புக்கல் சுரங்கம் 3.8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவே பெல்ட் கன்வேயர். அதன் ஓரமாகவே பழைய 20 ஜோடி ஜெல்லி கேபிளும் (நீர் புகாமல் ஜெல்லி நிரப்பிய தாமிரத் தொலைபேசிக் கேபிள்) ஓடுகிறது. ஒரு நிறுவனம், "இருக்கிற ஆலை நெட்வொர்க்கிலேயே எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம்" என்கிறது. இன்னொன்று தனி ஃபைபர் வளையம் போடச் சொல்கிறது. மூன்றாவது நிறுவனத்துக்குக் கேபிளே பிடிக்கவில்லை; எல்லாம் வயர்லெஸ் என்கிறது. எதை எடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலைக்குள்ளும் கன்வேயர் வழியிலும் தனி ஃபைபர் வளையம். ஃபைபர் வந்து இறங்கும் பெட்டிகளில் ஆம்ப்ளிஃபையர் வைத்து, அங்கிருந்து ஹார்ன்களுக்கு 100 வோல்ட் லைன் (ஒலியை உயர் மின்னழுத்தத்தில் பல ஹார்ன்களுக்குக் கொண்டுபோகும் கம்பி). சுரங்கத்தில் கல் வெட்டும் இடத்துக்கு மட்டும் வயர்லெஸ். பழைய ஜெல்லி கேபிளைப் பிடுங்கி எடைக்குப் போடாதீர்கள். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

மூன்று நிறுவனங்களும் வேகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியிருப்பார்கள். ஜிகாபிட், பத்து ஜிகாபிட் என்று விளம்பரத் தாள்களில் பெரிய எழுத்தில் இருக்கும். குரலுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. ஜி.711 என்ற வழக்கமான குறியாக்கத்தில் ஒரு குரல் விநாடிக்கு 64 கிலோபிட். 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி முகவரித் தலைப்புகளையும் சேர்த்தால் ஈதர்நெட்டில் ஏறக்குறைய 87 கிலோபிட் ஆகும். உங்கள் 46 நிலையங்களிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் பேசினாலும் ஒரு திசைக்கு 4 மெகாபிட்தான். 70 ஹார்ன்களுக்கும் தனித்தனியாக அனுப்பினால் 6 மெகாபிட்டைச் சற்றே தாண்டும். மல்டிகாஸ்ட் முறையில், அதாவது ஒரே ஓடையை எல்லோரும் கேட்கும்படி அனுப்பினால் ஒரே ஒரு 87 கிலோபிட் ஓடை போதும். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச்சே இதற்கு அதிகம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த இணைப்பு எப்படிச் சாகும், செத்த அந்த நேரத்தில் யாரால் யாருடன் பேச முடியும்? மூன்று விலைப்பட்டியல்களையும் இந்த ஒரு கேள்வியோடு மீண்டும் படித்துப் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

பழைய அனலாக் அமைப்பை இன்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஆனால் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் தனி ஆம்ப்ளிஃபையர். எல்லா நிலையங்களும் ஒரே கம்பியில் தொங்கும். நடுவில் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று கிடையாது. கேபிள் நடுவே அறுந்தால் இரண்டு துண்டாகும். அந்தப் பக்கத்து ஆட்கள் தங்களுக்குள்ளும், இந்தப் பக்கத்து ஆட்கள் தங்களுக்குள்ளும் பேசிக்கொண்டே இருப்பார்கள். புதிய அமைப்பை வாங்கும்போது இதே குணத்தைக் கேட்டு வாங்குங்கள்: சர்வர் நின்றுவிட்டாலும் இரண்டு நிலையங்கள் நேரடியாகப் பேச முடியுமா? வளையம் இரண்டு இடத்தில் அறுந்து ஒரு பகுதி தீவாகிவிட்டால், அந்தத் தீவுக்குள் பேஜிங் வேலை செய்யுமா? விற்பனையாளர் இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால், இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் யோசனைக்கு வருகிறேன்: ஆலை நெட்வொர்க்கிலேயே ஓட்டுவது. மலிவுதான். அலுவலகக் கட்டடத்துக்குள் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆலைக்குள் முதல் முட்டுக்கட்டை 100 மீட்டர். தாமிர ஈதர்நெட் கேபிளுக்கு அதுதான் எல்லை. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு 70 மீட்டர்தான் என்று கணக்கெழுதுவார்கள். கேபிள் நேர்க்கோட்டில் போகாது. கேபிளைத் தாங்கும் டிரே போகிற வழியில்தான் போகும். மூலப்பொடியைச் சூடாக்கும் பிரீஹீட்டர் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆலைகளில் அதுவே 100 மீட்டருக்கு மேல் உயரம். கீழே இருக்கும் மின்னறையிலிருந்து ஐந்தாவது மாடி ஹேண்ட்செட்டுக்குக் கேபிள் இழுத்துப் பாருங்கள், கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுத்துவிடலாம் என்பார்கள். 2003-இல் வந்த 802.3ஏ.எஃப் தரத்தில் போர்ட்டில் 15.4 வாட் கொடுத்தால் மறுமுனையில் உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2009-இன் 802.3ஏ.டி தரத்தில் 30 வாட் கொடுத்தால் 25.5 வாட். கிரஷர் பக்கத்தில் காது கிழியும் சத்தத்தில் 25 வாட் ஹார்ன் முழு மூச்சில் ஒலிக்க வேண்டும் என்றால் முதல் தரம் பற்றாது. இரண்டாவதும் இழுபறிதான், ஏனென்றால் ஆம்ப்ளிஃபையர் தான் வாங்குவதையெல்லாம் ஒலியாகத் தருவதில்லை. 2018-இல் வந்த 802.3பி.டி தரம் 90 வாட் வரை தருகிறது. அதற்கேற்ற தொழிற்சாலைத் தர ஸ்விட்ச்சின் விலையைக் கேட்டுவிட்டு வந்து பேசலாம்.

மின்சாரமும் தூரமும் கூடச் சமாளிக்கக்கூடியவை. எனக்கு உண்மையான பயம் அடுத்தவர் கை. ஆலை நெட்வொர்க்கை நடத்துகிறவர்களுக்கு அது கணினிகளும் அச்சுப்பொறிகளும் கேமராக்களும் ஓடும் பாதை. ஞாயிறு இரவு ஸ்விட்ச்சுக்கு மென்பொருள் புதுப்பித்துவிட்டு மறுபடி ஆன் செய்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பராமரிப்பு. அதே பத்து நிமிடத்தில் கூலருக்குள் ஆள் இறங்கியிருந்தால்? ஆகவே தனி ஸ்விட்ச்சுகள், தனி ஃபைபர் இழைகள். தனிக் கேபிளே வேண்டும் என்று சொல்லவில்லை. 24 இழைக் கேபிளில் நான்கு இழைகளை உங்களுக்கென்று எழுதி வாங்கிக்கொண்டால் போதும். அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சோடு ஒரே ஓர் இடத்தில், ஒரு ஃபயர்வால் வழியாக மட்டும் இணையுங்கள். வெளியில் தூண்களில் தொங்கும் பெட்டிகளில் பயன்படாத போர்ட்டுகளை அடைத்து வையுங்கள். யாராவது மடிக்கணினியைச் செருகிப் பார்ப்பார்கள், கட்டாயம் பார்ப்பார்கள்.

தனி நெட்வொர்க் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நானே மூன்று நாள் முட்டி மோதிய கதை ஒன்று உண்டு. பெயர் வேண்டாம், ஓர் ஆலை. புதிய அமைப்பு, தனி நெட்வொர்க், எல்லாம் பளபளவென்று இருந்தது. காலையில் கண்ட்ரோல் ரூமிலிருந்து சோதனை அறிவிப்புக் கொடுத்தோம்; கில்ன் (சுடும் சூளை) பக்கம் கணீரென்று கேட்டது. தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கொடுத்தால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஹேண்ட்செட்டில் கூப்பிட்டால் பேசுகிறது; பேஜிங் மட்டும் போகவில்லை. ஹார்ன் பெட்டிகளை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மௌனம். ஆம்ப்ளிஃபையரை மாற்றினோம், ஸ்விட்ச்சை மாற்றினோம், கேபிளைக்கூடச் சந்தேகப்பட்டோம். மூன்றாம் நாள் ஷிப்ட் எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, "சார், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நாலே கால் நிமிடம்தான் ஓடுகிறது" என்றார்.

அந்த நாலே கால் நிமிடம்தான் விடை. சரியாகச் சொன்னால் 260 விநாடி. மல்டிகாஸ்ட் ஓடை எல்லாப் போர்ட்டுகளிலும் பாயாமல் கேட்கிறவர்களுக்கு மட்டும் போக வேண்டும் என்பதற்காக ஸ்விட்ச்சில் ஐ.ஜி.எம்.பி ஸ்னூப்பிங் என்ற வசதியை இயக்கியிருந்தார்கள். ஹார்ன் பெட்டி உயிர் பெற்றதும் "எனக்கு இந்த ஓடை வேண்டும்" என்று தானாகவே ஒருமுறை சொல்லும், ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். அதன்பிறகு யாராவது 125 விநாடிக்கு ஒருமுறை "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணமாக அந்தக் கேள்வியை ரூட்டர் கேட்கும். எங்கள் தனி நெட்வொர்க்கில் ரூட்டரே இல்லை. கேட்க ஆளில்லாததால் பதிலும் இல்லை. இரண்டு முறை கேட்கும் அவகாசமும் இன்னொரு 10 விநாடியும் கழிந்ததும் ஸ்விட்ச் அந்தப் பெயரை அடித்துவிட்டது. நடு ஸ்விட்ச்சில், அந்தக் கேள்வியைக் கேட்கும் குவெரியர் என்ற அமைப்பை இயக்கினோம். ஒரே ஒரு வரி. அன்றிலிருந்து எந்த நெட்வொர்க்கிலும் பேஜிங் சோதனையை ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் நடத்துகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்; குவெரியர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்.

ஃபைபரில் எதை வாங்குவது என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. சிங்கிள் மோட், அதாவது ஒளி ஒரே பாதையில் போகும் நெடுந்தூர வகை. மல்டிமோட் மலிவாக இருந்தது ஒரு காலம், 3.8 கிலோமீட்டருக்கு அது எட்டாது. கணக்கும் எளிது: 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் என்று வைத்தால் தூரத்துக்கு 1.3. நான்கு ஒட்டுகளுக்கு 0.4, இரண்டு முனைக் கனெக்டர்களுக்கு 1. மொத்தம் 3 டெசிபெல்கூட வரவில்லை. சாதாரண 10 கிலோமீட்டர் எஸ்.எஃப்.பி மாட்யூல் (ஸ்விட்ச்சில் செருகும் ஒளிக் கருவி) இதைப்போல இரண்டு மூன்று மடங்கைத் தாங்கும். ஆனால் அந்த மாட்யூலின் வெப்ப வரம்பைப் பாருங்கள். வணிகத் தரம் 70 டிகிரி வரைதான். தொழிற்சாலைத் தரம் 85 வரை. கில்ன் ஓரத்தில் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் சித்திரை மாதத்தில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

சிமெண்ட் ஆலையில் ஃபைபருக்கு முதல் எதிரி தூசி. ஒளி போகும் மையம் 9 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதன் முகத்தில் ஒரு துகள் சிமெண்ட் உட்கார்ந்தால் இணைப்பு முழுதாகச் சாகாது. அரைகுறையாக இழுத்துக்கொண்டு கிடக்கும், அதுதான் கொடுமை. சட்டைத் துணியில் துடைத்துச் செருகுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். துடைக்கும் பேனா ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். மூடியைக் கழற்றினால் உடனே சட்டைப் பைக்குள் போட வேண்டும் என்று பழக்குங்கள்.

இரண்டாவது எதிரி எலியும் அணிலும். அதற்காக எஃகுத் தகடு சுற்றிய கேபிளை வாங்குவோம். அதோடு ஃபைபரின் பெரிய நன்மை ஒன்று பாதி கைவிட்டுப் போகிறது. 3.8 கிலோமீட்டர் வெட்டவெளியில் தாமிரம் ஓடினால் ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் அது இரு முனைக் கருவிகளையும் சேர்த்துக் கொல்லும்; ஃபைபரில் மின்சாரம் ஓடாது என்பதால்தானே அதற்குப் போகிறோம்? எஃகுத் தகடு அந்த மின்சாரத்துக்கு மறுபடி வழி போட்டுக் கொடுக்கிறது. எனவே தகட்டைப் பெட்டிக்கு வெளியிலேயே வெட்டிப் பூமி இணைப்புக் கொடுங்கள். அது சேசிஸைத் தொடக்கூடாது. கண்ணாடி நூல் கவசம் உள்ள கேபிளும் கிடைக்கிறது. கன்வேயர் ஓரத்துக்கு நான் அதைத்தான் வாங்குவேன்.

வளையம் என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். ஓரிடத்தில் ஒப்பந்ததாரர் வளையத்தின் போகும் பாதையையும் திரும்பும் பாதையையும் ஒரே கேபிளின் வேறு வேறு இழைகளில் கொடுத்திருந்தார். வரைபடத்தில் அழகான வட்டம். ஜே.சி.பி ஒருமுறை பல்லை வைத்ததும் இரண்டும் சேர்ந்தே போயின. ஒரு கை கன்வேயர் ஓரம் என்றால் மறு கை சாலையோரம் புதைத்த குழாயில் வரட்டும். பெல்ட் தீப்பிடித்தால் டிரேயில் இருக்கும் எல்லாமே எரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வளையம் அறுந்ததும் மாற்றுப் பாதைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் எண்ணிக்கையாக எழுதி வாங்குங்கள். பழைய ஸ்பேனிங் ட்ரீ முறைக்கு 30 முதல் 50 விநாடி பிடிக்கும். அபாயச் சங்கு ஊதும் நேரத்தில் அது ஒரு யுகம். எம்.ஆர்.பி என்ற தொழிற்சாலை வளைய நெறிமுறையின் வழக்கமான அமைப்பில் 50 ஸ்விட்ச் உள்ள வளையம்கூட 200 மில்லிவிநாடிக்குள் மீளும். கேட்பவர் காதில் ஒரு எழுத்து விழுங்கியது போலத்தான் இருக்கும். துளியும் தடங்கல் கூடாது என்றால் ஒரே பொட்டலத்தை இரண்டு வழியிலும் அனுப்பும் பி.ஆர்.பி இருக்கிறது, அதற்கு இரண்டு முழு நெட்வொர்க் வேண்டும். எண்ணெய்க் கிணற்று மேடைகளிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் ஏ, பி என்று இரண்டு முழு அமைப்புகளைப் போட்டு, ஹார்ன்களை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி இணைக்கிறார்கள். ஓர் அமைப்பு முழுதாகப் போனாலும் பாதி ஹார்ன்கள் பேசும். சிமெண்ட் ஆலைக்கு அவ்வளவு தேவையில்லை. எரிபொருள் சேமிப்பிடத்தில் மட்டும் அந்த ஒன்றுவிட்ட முறையைக் கடைப்பிடித்தால் நல்லது.

தாமிர இணைப்பை ஃபைபராக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் என்ற சின்னப் பெட்டிகளை வைத்து வளையத்தைக் கட்டாதீர்கள். ஃபைபர் பக்கம் அறுந்தாலும் தாமிரப் பக்கம் விளக்கு பச்சையாகவே எரியும். இணைப்பு போனது ஸ்விட்ச்சுக்கு உடனே தெரியாது, மாற்றுப் பாதை திறக்கத் தாமதமாகலாம். பழுதை மறுபக்கத்துக்குக் கடத்தும் வசதி சிலவற்றில் உண்டு, ஆனால் வாங்கியவர்கள் பெரும்பாலும் அதை இயக்குவதில்லை. போதாததற்கு, அதன் சுவர் அடாப்டர் மில் அதிர்விலேயே கழன்று விழும்.

ஹார்ன் பக்கம் ஏன் 100 வோல்ட் லைன் என்று கேட்பீர்கள். ஒரு பெட்டியில் ஓர் ஆம்ப்ளிஃபையர், அதிலிருந்து பத்து ஹார்ன், ஒவ்வொன்றும் 25 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சுமை 40 ஓம். 300 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் இழுத்தால், போக வர 7 ஓம் சொச்சம். பத்தும் கடைசி முனையில் இருந்தால்கூட இழப்பு ஒன்றரை டெசிபெல், காது கண்டுபிடிக்காது. 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஒரு டெசிபெல்லும் இல்லை. ஹார்னுக்குள் மின்னணு எதுவும் கிடையாது, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். கோபுரத்தின் மேல் 40 டிகிரி வெயிலில் ஏறிப் பழுது பார்க்கும் ஆளுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. டிரைவ் மோட்டார் கேபிள்களிலிருந்து ஓரடியாவது தள்ளி ஓட்டுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடந்து போங்கள்.

படிப்படியாக மாற்றப்போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். ஒரே கூடத்தில் பாதி ஹார்ன் பழைய அனலாகிலும் பாதி புதிய முறையிலும் ஒருநாள்கூட ஒலிக்கக்கூடாது. ஃபைபருக்குள் தாமதம் ஒன்றுமில்லை, 3.8 கிலோமீட்டருக்கு 19 மைக்ரோவிநாடி. பொட்டலம் கட்டுவதும் மறுமுனையில் சேர்த்து வைத்து விடுவதும் சேர்ந்து 80 மில்லிவிநாடி எளிதில் ஆகிவிடும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் 27 மீட்டர் போகும். "மூன்றாம் மில்லை நிறுத்து" என்பது ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எந்த மில் என்றே தெரியாமல் போகும். கூடம் கூடமாக மாற்றுங்கள்.

வயர்லெஸ்ஸை நான் வெறுக்கவில்லை. கல் வெட்டும் முகம் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே கேபிள் போட்டால் வாரம் ஒருமுறை டம்பர் லாரி அதன்மேல் ஏறும். கிரஷர் மேட்டில் ஒரு கம்பம், அங்கிருந்து முகத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு, இழுத்துச் செல்லக்கூடிய டிரெய்லரில் ஹார்னும் பேட்டரியும். இந்தியாவில் 2018 முதல் அந்தப் பட்டையின் பெரும் பகுதிக்கு உரிமம் தேவையில்லை. அதே காரணத்தால் பக்கத்துச் சுரங்கக்காரரும் அதிலேயே நிற்பார். ஆகவே வெடி வைக்கும் முன் ஊதும் சங்கை இதை மட்டும் நம்பி விடாதீர்கள். அதற்கு அங்கேயே கையால் இயக்கும் தனிச் சங்கு வேண்டும்.

இனி அந்த ஜெல்லி கேபிள். 0.5 மில்லிமீட்டர் கம்பி என்றால் 3.8 கிலோமீட்டருக்குப் போக வர ஏறக்குறைய 650 ஓம் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஜோடியையும் அளந்து, மெக்கரும் (காப்புத் தடை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். அதற்கு முன் இரு முனையிலும் கருவிகளைக் கழற்றுங்கள். இருபதில் எட்டு நன்றாக இருந்தாலே அதிர்ஷ்டம். அவற்றில் நான்கில் சாதாரண அனலாக் தொலைபேசிகளை மாட்டி, கிரஷர், இரண்டு டிரான்ஸ்ஃபர் டவர் (ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்குக் கல் மாறும் கோபுரம்), வெடிமருந்துக் கிடங்குக் காவல் அறை என்று வையுங்கள். மின்சாரம் கண்ட்ரோல் ரூம் பேட்டரியிலிருந்தே போகும். இரு முனையிலும் மின்னல் தடுப்பான் மட்டும் மறக்காதீர்கள். ஃபைபர் வரும்வரை தற்காலிக இணைப்பு தேவைப்பட்டால் தொலைபேசிக் கம்பியில் தரவை நெடுந்தூரம் அனுப்பும் எஸ்.எச்.டி.எஸ்.எல் எக்ஸ்டெண்டரை முனைக்கு ஒன்றாகப் போட்டு இதே கேபிளில் ஈதர்நெட்டும் ஓட்டலாம். ஒரு மெகாபிட் கிடைத்தாலே பதினோரு பேர் பேசலாம்.

தீயணைப்புப் பலகையிலிருந்து வரும் சமிக்ஞையை மென்பொருள் வழியாக மட்டும் வாங்காதீர்கள். இரண்டு கம்பி, கடைசியில் ஒரு மின்தடை. கம்பி அறுந்தால் பலகையே கத்தும். இதை மிஞ்சிய இணைப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒப்படைப்புக் கையெழுத்துப் போடும் நாளில் விற்பனையாளர் மடிக்கணினியைத் திறந்து வண்ண வண்ணத் திரைகளைக் காட்டுவார். காட்டட்டும். பிறகு அவரை டிரான்ஸ்ஃபர் டவருக்குக் கூட்டிப்போய், கண்ட்ரோல் ரூமில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபைபர் பேட்ச் கார்டை உங்கள் கையால் பிடுங்குங்கள். அடுத்து அந்தப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். கடைசியில் சர்வரை ஆஃப் செய்துவிட்டுப் பக்கத்து ஹேண்ட்செட்டை எடுத்துக் கூப்பிடுங்கள். கையில் ஒரு கடிகாரம் இருக்கட்டும்.